மாநிலப் பேரிடர் நிதி: செலவு விதிகள்

மாநிலப் பேரிடர் நிதி என்பது புயல், வெள்ளம், வறட்சி போன்ற பேரிடர்களை எதிர்கொள்வதற்காக இந்தியாவின் ஒவ்வொரு மாநிலமும் தனியாக வைத்திருக்கும் பணம் ஆகும். 2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 48 ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. பேரிடர் வந்த பின் உதவுவது மட்டும் இதன் நோக்கமன்று. வருமுன் ஆயத்தமாவதற்கும் இதில் தனிப்பங்கு ஒதுக்கப்பட்டுள்ளது. இந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம், யார் முடிவெடுக்கலாம், கணக்கை எப்படிக் காட்ட வேண்டும் என்பவற்றுக்கு விரிவான விதிகள் உள்ளன.

நிதியின் அமைப்பு

முன்பு பேரிடர் துயர்துடைப்பு நிதி என்ற பெயரில் இருந்தது, 2010 இல் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியாக மாறியது. பின்னர் 15 ஆவது நிதிக்குழு, தணிப்பு நிதி என்னும் மற்றொரு நிதிக்கும் பணம் ஒதுக்கியது. 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு இவ்விரண்டுக்குமாக அக்குழு பரிந்துரைத்த தொகை 1,60,153 கோடி ரூபாய். பெரும்பாலான மாநிலங்களில் இதில் 75 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 25 விழுக்காட்டை மாநில அரசும் தருகின்றன. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களில் இப்பங்கு 90:10 ஆகும்.

மொத்தத் தொகையை 100 ரூபாய் எனக் கொண்டால், அது பின்வருமாறு பிரிகிறது:

- உடனடி மீட்பும் நிவாரணமும்: 40 ரூபாய்
- மறுசீரமைப்பும் மீள்கட்டுமானமும்: 30 ரூபாய்
- ஆயத்தமும் திறன் வளர்ப்பும்: 10 ரூபாய்
- இடர் தணிப்பு: 20 ரூபாய்

முதல் மூன்றும் சேர்ந்த 80 ரூபாய் நிவாரண நிதி. கடைசி 20 ரூபாய் தணிப்பு நிதி.

பிரித்து வைப்பதன் காரணம்

மீட்புக் கருவிகள், தகவல் தொடர்புச் சாதனங்கள் வாங்குதல், மீட்புப் படையினருக்குப் பயிற்சி அளித்தல் போன்றவை ஆயத்தப் பங்கில் அடங்கும். உள்ளூர் அளவில் மக்கள் பங்கேற்புடன் ஆபத்தைக் குறைக்கும் பணிகள் தணிப்பு நிதியில் அடங்கும். கடற்கரைச் சுவர், பெரிய வெள்ளக்கரை போன்ற பெருந்திட்டங்களை வழக்கமான வளர்ச்சித் திட்டங்களின் கீழ்தான் செய்ய வேண்டும் என்று நிதிக்குழு கூறியது.

வெள்ளம் வடிந்த மறுநாள் எல்லாத் தேவையும் நிவாரணத்தை நோக்கியே திரும்பும். அது இயல்பு. ஆனால் கையிலுள்ள பணம் முழுவதும் அப்போதே கரைந்துவிட்டால், அடுத்த மழைக்கு முன் வாங்க வேண்டிய படகு வாங்கப்படாமலே போகும். ஆகவே நிவாரண நிதியையும் தணிப்பு நிதியையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றக் கூடாது என்று வரையறுக்கப்பட்டது. எனினும், நிவாரண நிதிக்குள் உள்ள மூன்று பங்குகளுக்கிடையே ஓரளவு மாற்றிக்கொள்ள இடமுண்டு. எனவே ஆயத்தப் பங்கு முழுமையாகக் காக்கப்படுவது மாநிலம் எடுக்கும் முடிவையும் பொறுத்தது.

எந்தப் பேரிடருக்கு, எவ்வளவு

புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், ஆழிப்பேரலை, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனி மற்றும் குளிர் அலை ஆகிய 12 பேரிடர்கள் ஒன்றிய அரசின் பட்டியலில் உள்ளன. இதில் இல்லாத உள்ளூர்ப் பேரிடர்களை மாநிலம் அறிவித்து, ஆண்டு ஒதுக்கீட்டில் 10 விழுக்காடு வரை அவற்றுக்குச் செலவிடலாம். ஒடிசா மின்னலை இவ்வாறு அறிவித்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை அறிவித்தது.

ஒவ்வோர் இனத்திற்கும் தரவேண்டிய தொகையை ஒன்றிய உள்துறை அமைச்சகம் வரையறுக்கிறது. எடுத்துக்காட்டாக, உயிரிழந்தவரின் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய். இதற்கு மேல் தர விரும்பும் மாநிலம் கூடுதல் தொகையைத் தன் சொந்த வருவாயிலிருந்து தர வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் தமிழ்நாடு அரசு இத்தொகையை 5 இலட்சமாக உயர்த்தியது.

முடிவெடுப்பவர்கள்

நிதியிலிருந்து செலவிடுவது பற்றி முடிவெடுப்பது, தலைமைச் செயலாளரைத் தலைவராகக் கொண்ட மாநிலச் செயற்குழு ஆகும். மாநிலத்தால் தாங்க இயலாத கடும் பேரிடர் என்றால் தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து கூடுதல் உதவி கோரலாம். அப்போது ஒன்றியக் குழு நேரில் வந்து சேதத்தை மதிப்பிடும். மாநில நிதியில் ஏற்கெனவே உள்ள இருப்பில் ஒரு பகுதி அந்த உதவியில் கழித்துக்கொள்ளப்படும்.

கொள்முதல் விதிகள்

சட்டத்தின் 50 ஆம் பிரிவு, பேரிடர் நேர்ந்தபோதும் நெருங்கும்போதும் ஒப்பந்தப்புள்ளி கோராமல் பொருள்களை உடனே வாங்க அனுமதிக்கிறது. அப்பொருள்கள் பயன்படுத்தப்பட்டதற்குப் பொறுப்பு அலுவலர் தரும் சான்றிதழே கணக்கிற்கு ஆவணமாகும். இந்த விலக்கு மீட்புக்கும் நிவாரணத்துக்கும் உரியது. ஆபத்து ஏதும் இல்லாத கோடைக்காலத்தில் ஆயத்தமாக வாங்கும் கருவிகளுக்கு வழக்கமான ஒப்பந்தப்புள்ளி முறையே பொருந்தும். நேரம் இருக்கும்போது வாங்காமல் விட்டால், புயல் நெருங்கும்போது விலையையும் தரத்தையும் ஒப்பிட வாய்ப்பின்றி வாங்க நேரிடும்.

கணக்கும் தணிக்கையும்

ஒன்றிய அரசின் பங்கு ஆண்டுக்கு இரு தவணைகளில் வழங்கப்படுகிறது. மாநிலம் அதைத் தன் பங்குடன் சேர்த்து, பொதுக் கணக்கில் உள்ள இந்த நிதிக்கு மாற்ற வேண்டும். தாமதித்தால் வட்டியும் செலுத்த வேண்டும். ஆண்டு முடிவில் மீதமுள்ள பணம் காலாவதியாவதில்லை. நிதியிலேயே தொடர்ந்து இருக்கும். ஆகவே மார்ச் மாதத்தில் அவசரமாகச் செலவிட்டுத் தீர்க்க வேண்டிய தேவை இல்லை. நிதியின் கணக்கை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்கிறார்.

நிவாரணப் பணத்தையோ பொருளையோ கையாடல் செய்தால் 53 ஆம் பிரிவின்படியும், பொய்யான தகவல் தந்து நிவாரணம் கோரினால் 52 ஆம் பிரிவின்படியும் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

விதி மீறலும் நீதிமன்றமும்

கோவிட் காலத்தில் ஆந்திரப் பிரதேசத்தின் பேரிடர் நிதியிலிருந்து 1,100 கோடி ரூபாய் வேறு வைப்புக் கணக்குகளுக்கு மாற்றப்பட்டது குறித்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. அத்தொகையைப் பேரிடர் நிதிக்கே திருப்பிச் செலுத்துமாறு 2022 ஜூலையில் நீதிமன்றம் உத்தரவிட்டது. பேரிடர் நிதியை அரசின் பொதுச் செலவுப் பணம்போலக் கையாள முடியாது என்பதற்கு இவ்வழக்கு ஓர் எடுத்துக்காட்டு.

பொதுமக்கள் அறியும் வழி

தணிக்கை அறிக்கைகள் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட பின் எவரும் படிக்கலாம். தம் மாவட்டத்தில் எத்தனை படகுகள் வாங்கப்பட்டன, எத்தனை பேருக்குப் பயிற்சி தரப்பட்டது போன்ற விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன்கீழ் கேட்டுப் பெறலாம். நிவாரணத் தொகை வரவில்லை என்றால் பயனாளிக்கு உடனே தெரிந்துவிடும். ஆயத்தப் பணம் செலவிடப்படாதது அடுத்த பேரிடர் வரும்வரை யாருக்கும் தெரியாது. ஆகவே இவ்விவரங்களை முன்கூட்டியே கேட்டறிவது பயனுடையது.