ஓவியரும் குருமாரும்

இங்கிலாந்தின் இயற்கைக் காட்சிகளை வரைந்து அழியாப் புகழ் பெற்றவர் ஜான் கான்ஸ்டபிள். அவருடைய ஓவியங்களின் சிறப்பை அன்பர்கள் பலர் கேட்டிருக்கக் கூடும். அவ்வோவியங்கள் தோன்றுவதற்குத் துணை நின்ற குருமார் இருவரைப் பற்றிக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம். ஒருவர் சாலிஸ்பரி நகரின் பிஷப்பாக விளங்கிய டாக்டர் ஜான் ஃபிஷர். மற்றவர் அவருடைய தமையன் தம்பியர் வழி வந்த மகன். அவர் பெயரும் ஜான் ஃபிஷரே.

அக்காலத்து ஆங்கிலத் திருச்சபைக் குருமார் பலர் பல்கலைக் கழகத்தில் பயின்ற புலவர்கள். வழிபாட்டுக் கடமை போக எஞ்சிய பொழுதைத் தாவர ஆராய்ச்சியிலும், பழம்பொருள் ஆராய்ச்சியிலும், ஓவியத்திலும் செலவிட்டனர். செல்போர்ன் என்னும் சிற்றூரின் பறவைகளையும் பருவங்களையும் நுணுகி நோக்கி 1789இல் நூல் வெளியிட்ட கில்பர்ட் ஒயிட்டும் ஒரு குருவே. இத்தகைய சூழலில் வளர்ந்த பெரிய ஃபிஷர், அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். தாமும் ஓரளவு வரையத் தெரிந்தவர்.

கான்ஸ்டபிள் 1776இல் சஃபோக் மாவட்டத்து ஈஸ்ட் பெர்கோல்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஸ்டௌர் ஆற்றங்கரையில் மாவு ஆலை நடத்திய தானிய வணிகர். மகன் ஆலையை விட்டு ஓவியம் பயிலச் சென்று, 1799இல் லண்டன் ராயல் அகாடமிப் பள்ளியில் சேர்ந்தார். புராணக் காட்சிகளும் சரித்திரக் காட்சிகளுமே உயர்ந்த ஓவியம் என்று அந்நாளில் கருதப்பட்டன. உருவப்படம் வரைந்தால் பணம் கிடைக்கும். வயலையும் வாய்க்காலையும் வரைபவனுக்கு இவ்விரண்டும் அரிது.

1802இல் இராணுவக் கல்லூரி ஒன்றில் ஓவிய ஆசிரியர் பதவி கான்ஸ்டபிளுக்குக் கிடைக்கவிருந்தது. அதற்கு வழி செய்தவர் பெரிய ஃபிஷர். வேலையை ஏற்றால் கலைஞனாக உயர இயலாது என்று எண்ணிக் கான்ஸ்டபிள் மறுத்துவிட்டார். ஆயினும் நட்பு முறியவில்லை. 1811இல் பிஷப்பின் விருந்தினராகச் சாலிஸ்பரி சென்ற பொழுது, தம்மினும் பன்னிரண்டு வயது இளையவரான சின்ன ஃபிஷரை அவர் சந்தித்தார். பின்னாளில் பெர்க்‌ஷையர்ப் பகுதியின் ஆர்ச்டீக்கனாக உயர்ந்த அவ்விளைஞரே ஓவியரின் உற்ற நண்பரானார்.

கான்ஸ்டபிள் மரியா பிக்னெல் என்னும் மங்கையை விரும்பினார். அவளுடைய பாட்டனார் ஈஸ்ட் பெர்கோல்டின் பங்குக் குரு, செல்வர். வருவாயற்ற ஓவியனை மணந்தால் பேத்திக்குச் சொத்தில்லை என்றார். திருமணம் ஏழாண்டுக் காலம் தள்ளிப் போயிற்று. 1816இல் சின்ன ஃபிஷர், தாமே லண்டனுக்கு வந்து மணம் முடித்துவைப்பதாகக் கடிதம் எழுதினார். அவ்வாறே அக்டோபர் 2ஆம் நாள் நடத்தியும் வைத்தார். ஒரு குரு அடைத்த கதவை மற்றொரு குரு திறந்தார் என்று சொல்லலாம்.

1819இல் ‘வெள்ளைக் குதிரை’ என்னும் ஆறடி அகல ஓவியம் காட்சிக்கு வந்தது. ஃபிஷர் அதனை நூறு கினி கொடுத்து வாங்கினார். அவ்வாண்டே ராயல் அகாடமி கான்ஸ்டபிளைத் துணை உறுப்பினராக ஏற்றது. அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

பொருளுதவியினும் பெரிது கருத்துப் பரிமாற்றம். ஒயிட்டின் நூலைப் படிக்குமாறு தூண்டியவர் ஃபிஷர். 1821, 1822ஆம் ஆண்டுகளில் கான்ஸ்டபிள் ஹாம்ப்ஸ்டெட் குன்றில் நின்று மேகங்களை வரைந்து, பின்புறம் நாளும் நேரமும் காற்றின் திசையும் குறித்துவைத்தார். ஓவியத்தின் உணர்ச்சியை ஆள்வது வானமே என்னும் தம் கொள்கையை அவர் விளக்கியதும் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்திலேதான்.

பெரிய ஃபிஷர் பேராலயத்தை வரையுமாறு பணித்தார். 1823இல் வந்த ஓவியத்தில் கோபுரத்தின் பின்னே கருமேகம் திரண்டிருந்தது. பிஷப்புக்கு அது பிடிக்கவில்லை. வெயில் வேண்டும் என்றார். கான்ஸ்டபிள் முந்திய படத்தின் வானத்தை மாற்றாமல், தெளிந்த வானத்துடன் வேறொரு படத்தை வரைந்தார். அது முடியுமுன் 1825இல் பிஷப் காலமானார்.

பிறந்த ஊரை நினைந்து வேற்றிடத்தில் வாழ்வார்க்கு ஒரு செய்தி இன்பம் தரும். ஸ்டௌர் ஆற்றைக் காட்டும் ‘வைக்கோல் வண்டி’ என்னும் பேரோவியம், ஆற்றங்கரையில் அன்று, பழைய குறிப்புப் படங்களின் துணைகொண்டு லண்டனில் உருவாயிற்று. 1821இல் லண்டனில் அது விலைபோகவில்லை. பாரிஸுக்குச் செல்லட்டும், பிறர் மதித்தால் நம்மவரும் மதிப்பர் என்று ஃபிஷர் வற்புறுத்தினார். 1824இல் பாரிஸ் தங்கப் பதக்கம் வழங்கியது.

1828இல் மரியா காசநோயால் இறந்தாள், குழந்தைகள் எழுவர். துயருற்ற ஓவியரை ஃபிஷர் சாலிஸ்பரிக்கு அழைத்தார். அதன் பயனாக 1831இல் வெளிவந்த பேராலய ஓவியத்தில் இடியும் மழையும் ஓயும் வேளையில் வானவில் ஒன்று தோன்றுகிறது. அதன் ஒரு முனை ஃபிஷர் வாழ்ந்த இல்லத்தின்மேல் வந்து இறங்குகிறது.

ஃபிஷருக்கும் பணமுடை நேர்ந்தது. தாம் விற்ற ‘வெள்ளைக் குதிரை’யைக் கான்ஸ்டபிள் திரும்ப வாங்கிக்கொண்டார். 1832இல் ஃபிஷர் மறைந்தார். 1837இல் கான்ஸ்டபிள் கண்மூடும் வரை அவ்வோவியம் அவரிடமே இருந்தது. பிஷப் உதவி செய்தார். தம் விருப்பப்படி வானம் அமைய வேண்டும் என்றும் எதிர்பார்த்தார். இளையவரோ ஓவியர் கண்ட வானத்தையே தாமும் காண முயன்றார். கலைஞனை வாழவைக்கும் துணை இவற்றுள் எது என்பதைக் கேட்போரே தெளிவர்.