மகோகனிப் பெட்டியும் கேபிள் பூட்டும்

1850களில் அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்டின் ரிவால்வரை வசதி படைத்தவர்கள் பெட்டியோடு வாங்கினார்கள். மகோகனியிலோ ரோஸ்வுட்டிலோ செய்த பெட்டி. உள்ளே வெல்வெட் ஒட்டிய தடுப்புகள். ரிவால்வரைச் சுற்றி வெடிமருந்துக் குடுவை, ஈயக் குண்டு வார்க்கும் அச்சு, மருந்தைப் பற்றவைக்கும் கேப்களின் டப்பா, திருகுச் சாவி. இவை அழகுக்கு வைத்தவை அல்ல. அன்றைய ரிவால்வரில் சிலிண்டரின் ஒவ்வொரு துளையிலும் மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து அழுத்தி, பின்புறம் கேப்பைச் செருகினால்தான் சுட முடியும். இந்தச் சாமான்கள் இல்லாத துப்பாக்கி வெறும் இரும்பு. ஆகவே பெட்டி, துப்பாக்கியின் ஒரு பகுதியாகவே இருந்தது.

கோல்ட் இந்தப் பெட்டியை வியாபாரத்துக்கும் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸுக்குத் தங்க வேலைப்பாடு செய்த ரிவால்வர்களைப் பரிசாகக் கொடுத்தார். அரசர்களின் கைக்குப் போகும் பொருள் என்ற பெயர், சாதாரண ராணுவ அதிகாரியையும் பெட்டியோடு வாங்கத் தூண்டியது.

1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி உலோகத் தோட்டா போடும் சிறிய ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மருந்து, குண்டு, கேப் மூன்றும் ஒரே தோட்டாவுக்குள் அடங்கிவிட்டன. குடுவைக்கும் அச்சுக்கும் வேலை போயிற்று; மரப்பெட்டியின் தேவையும் அதோடு போயிற்று. இருபதாம் நூற்றாண்டில் புதுக் கைத்துப்பாக்கி பெரும்பாலும் அட்டைப் பெட்டியில்தான் வந்தது. துருப்பிடிக்காமல் இருக்க ஒரு காகிதம் சுற்றியிருக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் நீல அட்டைப் பெட்டியில் துடைக்கும் கம்பி, பிரஷ், சின்ன ஸ்க்ரூடிரைவர் ஆகியவை கூடவே இருந்தன. பெட்டியின் அடிப்பக்கத்தில் துப்பாக்கியின் வரிசை எண்ணைக் கொழுப்புப் பென்சிலால் கையாலேயே எழுதியிருப்பார்கள். வாங்கியவர் துப்பாக்கியை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு அட்டையைக் குப்பையில் எறிந்தார்.

அன்று எறிந்த அந்த அட்டையை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். அடியில் எழுதிய எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒத்துப்போனால் விலை ஏறும். வெறும் பெட்டியைத் தனியே விற்பவர்களும், பழைய மாதிரியில் புதிதாக அச்சடித்து விற்பவர்களும் உண்டு. பழம்பொருள் வியாபாரத்துக்கு அது முக்கியம்தான். ஆனால் புதுத் துப்பாக்கி வாங்குபவர்கள் அந்தக் கணக்கில் பெட்டிக்கு மதிப்புப் போடுவதில்லை.

1980களின் நடுவில் ஆஸ்திரியாவிலிருந்து க்ளாக் பிஸ்டல் அமெரிக்காவுக்கு வந்தபோது கூடவே கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியும் வந்தது. சாப்பாட்டு டப்பா போல இருந்ததால் அதற்கு 'டப்பர்வேர்' என்றே பெயர் விழுந்தது. காவல்துறைகள் க்ளாக்கை மொத்தமாக வாங்கின; பெட்டி எப்படி இருக்கிறது என்பது அங்கே ஒரு கேள்வியே அல்ல. இன்று இடுப்பில் தினமும் வைத்துக்கொள்ள வாங்குகிறவர்களும் அதே மனநிலையில்தான் இருக்கிறார்கள். பெட்டிக்கு ஆகும் காசில், தோட்டா நிரப்பும் மேகசின் இன்னொன்று கொடுங்கள் என்பார்கள். அதனால்தான் சட்டைப்பையில் அடங்கும் சின்ன பிஸ்டல்கள் சில, இப்போது மீண்டும் அட்டையிலேயே வருகின்றன. அவர்கள் கேட்பது நியாயம்.

இந்தியாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். 2014இல் கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைப் பெண்களுக்கென்று வெளியிட்டது. 2012இல் டெல்லியில் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பலியான பெண்ணை நாடு 'நிர்பயா' என்று அழைத்தது. அந்தப் பெயரை ஒட்டியே இதற்கும் பெயர் வைத்தார்கள். எடை அரைக் கிலோ. அப்போதைய விலை 1,22,360 ரூபாய். இந்த ரிவால்வர் மெரூன் நிற நகைப் பெட்டியில் வைத்துத் தரப்பட்டது. பெண்களுக்கு நகை பிடிக்கும் என்பதுதான் தொழிற்சாலை சொன்ன காரணம். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. உயிருக்குப் பயந்து ஒருத்தி ஆயுதம் தேடுகிறாள் என்றால் அவளுக்குத் தேவை பயிற்சி, எளிதில் கிடைக்கும் தோட்டா, வீட்டில் பத்திரமாக வைக்க ஓர் இடம். அதைவிட முக்கியமாக, புகார் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும் காவல் நிலையம். நகைப் பெட்டி இதில் எதையும் தருவதில்லை. கோல்ட்டின் மகோகனிப் பெட்டியாவது சுடத் தேவையானதைச் சுமந்தது.

இன்றைய அமெரிக்கப் பெட்டியில் உண்மையாகவே மதிப்புள்ள பொருள் ஒன்று இருக்கிறது: பூட்டு. 2005இல் இயற்றிய சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் ஒரு கைத்துப்பாக்கியை விற்கும்போது பூட்டையோ பாதுகாப்புப் பெட்டியையோ கூடவே கொடுக்க வேண்டும். பெரும்பாலும் கிடைப்பது பிளாஸ்டிக் உறை போட்ட எஃகு கேபிள். பிஸ்டலின் மேகசினைக் கழற்றி, மேலே நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டாக் கூடு வெளியேறும் வாய் வழியாகக் கேபிளை நுழைத்துக் கைப்பிடியின் அடியில் வெளியே எடுத்துப் பூட்ட வேண்டும். கேபிள் உள்ளே இருக்கும்வரை ஸ்லைடு மூடாது, மேகசினும் ஏறாது. அரை நிமிட வேலை.

சட்டம் பூட்டைக் கொடுக்கத்தான் சொல்கிறது, போடச் சொல்லவில்லை. மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்களே வீட்டில் பூட்டி வைப்பதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. தோட்டா நிரப்பிய, பூட்டாத துப்பாக்கி உள்ள வீடுகளில் சுமார் 46 லட்சம் குழந்தைகள் வாழ்கிறார்கள் என்று 2015இல் அமெரிக்கா முழுவதும் எடுத்த ஒரு கணக்கெடுப்பு காட்டியது. பல வருடமாகத் துப்பாக்கி வைத்திருப்பவர் வீட்டில் இரும்புப் பெட்டகம் இருக்கலாம். முதல் துப்பாக்கி வாங்குகிறவரிடம் பெரும்பாலும் அது இருக்காது. கடையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் பெட்டிதான் அவருடைய பெட்டகம். அது அலமாரி மேல்தட்டுக்குப் போகிறது, கேபிள் அதன் மூலையில் பிரிக்காமல் கிடக்கிறது. அந்தப் பெட்டியை நம்ப முடியாது. விமானத்தில் துப்பாக்கி கொண்டுபோகிறவர்களுக்கு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையே எச்சரிக்கிறது: வாங்கும்போது வந்த பெட்டி, பத்திரமாகக் கொண்டுபோகப் போதாமல் இருக்கலாம்.

ஆகவே பெட்டி முக்கியமா என்று கேட்டால், முதல் முறை வாங்குகிறவருக்கு முக்கியம் என்றுதான் சொல்வேன். நிறமும் பஞ்சு மெத்தையும் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். குழந்தையின் கைக்குத் திறக்காத, சாவி போட்டுப் பூட்டும் இரும்புப் பெட்டியில் கம்பெனிகள் விற்கட்டும். அதற்காக விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கடைக்காரர் ரசீது போடுவதற்கு முன்னால், கேபிளை எப்படி நுழைப்பது என்று வாங்குகிறவர் கையாலேயே ஒரு முறை செய்ய வைக்கட்டும்.