எட்டுக்கால் சில்லும் இரண்டு மின்தடைகளும்

எட்டுக் கால்கள் கொண்ட சின்னஞ்சிறு கறுப்புச் சில்லு; பெயர் 741. ஃபேர்சைல்டு நிறுவனம் 1968-ல் வெளியிட்ட இந்த ஆப்-ஆம்ப், தன் இரு உள்ளீடுகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை ஏறத்தாழ 2 லட்சம் மடங்கு பெருக்கும்.

அந்த 2 லட்சத்தை நம்பி ஒன்றும் கட்ட முடியாது. சில்லுக்குச் சில்லு அது மாறும், சூடேறினாலும் மாறும். அரை மில்லிவோல்ட் வேறுபாட்டுக்கே வெளியீடு எல்லையில் போய் முட்டி நின்றுவிடும்.

இதற்கான தீர்வு 741-க்கு 41 ஆண்டுகள் மூத்தது. 1927 ஆகஸ்ட் 2 காலை, பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரால்ட் பிளாக் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தொலைபேசிப் பெருக்கிகள் குரலைச் சிதைப்பதை எப்படித் தடுப்பது என்பதே அவருடைய பல ஆண்டுக் கவலை. வெளியீட்டில் ஒரு பங்கை எதிர்த்திசையில் உள்ளீட்டுக்கே திருப்பினால்? கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் நாளிதழிலேயே வரைந்து பார்த்தார். பெருக்கத்தை விட்டுக்கொடுத்து நிலைத்தன்மையை வாங்கும் துணிச்சலான யோசனை அது. காப்புரிமை 1937-ல்தான் கிடைத்தது.

அதை 741-ல் செய்து பார்க்கலாம். கூட்டல் உள்ளீட்டைத் தரையோடு இணைத்து, சிக்னலை 10 கிலோ ஓம் மின்தடை வழியே கழித்தல் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். வெளியீட்டிலிருந்து அதே இடத்துக்கு 100 கிலோ ஓம். இரு உள்ளீடுகளும் சமமாகும்வரை சில்லு வெளியீட்டை நகர்த்திக்கொண்டே இருக்கும். முதல் மின்தடையில் வரும் மின்னோட்டம் இரண்டாவதன் வழியே போயாக வேண்டும். ஆகவே பெருக்கம் 10, குறி மட்டும் தலைகீழ். சில்லின் 2 லட்சம் பாதியாகக் குறைந்தாலும் இந்த 10 பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட மாறாது. பிளாக்கின் கண்டுபிடிப்பில் வியக்கத்தக்கது இதுதான்.

100 கிலோ ஓமுக்கு இணையாக 160 பிக்கோஃபாரட் கெபாசிட்டரைச் சேர்த்தால், 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள இரைச்சல் அடங்கத் தொடங்கும். மின்தடையை எடுத்துவிட்டு கெபாசிட்டரை மட்டும் வைத்தால் சுற்று தொகையீடு செய்யும்: சதுர அலை நுழைந்து முக்கோண அலையாக வெளிவரும். அதற்குப் பதில் டையோடு வைத்தால் மடக்கைக் கணக்கு.

வெளியீட்டிலிருந்து திரும்பி வரும் பின்னூட்டக் கம்பியைக் கூட்டல் உள்ளீட்டுக்கு மாற்றினாலோ குணமே வேறு. பெருக்கி ஸ்விட்ச் ஆகிவிடும், அதுவும் இரண்டு வாசல் உள்ள ஸ்விட்ச். வெப்பக் கட்டுப்பாட்டு ரிலே எல்லையில் படபடவென்று துடிக்காமல் இருப்பதற்கு இந்த இரு வாசல்களுக்கு இடையிலான இடைவெளிதான் காரணம்.

ஆக, பெருக்கியாகப் பயன்படுத்தும்போது துல்லியம் மின்தடைகளின் கையில். 5 சதவீத வகை என்றால் பெருக்கம் 9-லிருந்து 11 வரை அலையலாம். 1 சதவீத வகையில் 9.8-க்கும் 10.2-க்கும் இடையில் நிற்கும். பெருக்கம் பிசகினால் சில்லை மாற்றுவதற்கு முன், சப்ளையை அணைத்து, மின்தடைகளின் ஒரு காலை விடுவித்து மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள்.