கடைக் கணினிக்கு எத்தனை சாவி?

கடை ஷட்டரின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் நாம் உடனே சொல்லிவிடுவோம். கடைக் கணினிக்குள் வெளியூரிலிருந்தே நுழையும் வழி யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், நம்மில் பலர் யோசிக்கத்தான் வேண்டும்.

பில் போடும் மென்பொருளில் கோளாறு என்றால் இன்று பெரும்பாலும் ஆள் கடைக்கு வருவதில்லை. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றின் மூலம் தம் இடத்திலிருந்தே சரிசெய்துவிடுகிறார்கள். நேரமும் செலவும் மிச்சம்தான். ஆனால் வேலை முடிந்த பிறகும் அந்த வழி திறந்தே கிடந்தால் அது திருடனுக்கும் வழியாகும்.

பெரிய நிறுவனங்களே இதில் அடிபட்டிருக்கின்றன. ஸ்வீடன் நாட்டில் கூப் என்ற மளிகைக் கடைத் தொடர், 2021 ஜூலையில் கல்லாக் கருவிகள் இயங்காமல் நூற்றுக்கணக்கான கடைகளை மூட நேர்ந்தது. கூப் நிறுவனத்தை யாரும் நேராகத் தாக்கவில்லை. கல்லாக் கருவிகளைக் கவனித்துவந்த வெளி நிறுவனம், தூரத்திலிருந்து பராமரிக்கப் பயன்பட்ட கசேயா மென்பொருளை நம்பியிருந்தது. அதன் ஓட்டை வழியே கேடு வந்தது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனம் சில நாட்கள் முடங்கியது. உபயோகத்தில் இல்லாத ஒரு பழைய கணக்கின் கடவுச்சொல்லே திருடர்களுக்கு வழிவிட்டது. அதற்கு இரண்டாவது பூட்டும் இல்லை. சுமார் 44 லட்சம் டாலர் பணயத் தொகை கொடுத்தார்கள்.

நம் கடைகளிலும் இந்தப் பழைய சாவிதான் ஆபத்து. விலகிப்போன கணக்குப்பிள்ளைக்குக் கொடுத்த கடவுச்சொல்லை மாற்றினால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகுமே என்று தயங்குகிறோம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தச் சொல் எங்கெங்கே எழுதிக் கிடக்கிறதோ! பண்டிகை நேரத்தில் கணினி முடங்கினால், யார் எவ்வளவு பாக்கி என்றுகூட நம்மால் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியவை:

1. வெளியிலிருந்து நுழையக்கூடியவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தேவையற்றவர்களை உடனே நீக்குங்கள்.

2. ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுங்கள். ஆள் விலகும் நாளிலேயே அவருடையதை ரத்து செய்யுங்கள்.

3. கடவுச்சொல்லோடு கைப்பேசியில் வரும் எண்ணையும் கேட்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவையுங்கள்.

4. பழுது பார்ப்பவருக்கு அந்த நேரத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். நம் ஆள் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். முடிந்ததும் இணைப்பைத் துண்டியுங்கள்.

5. மென்பொருளின் புதிய பதிப்புகளைத் தள்ளிப்போடாமல் ஏற்றுங்கள்.

6. கணக்குகளைத் தினமும் தனி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.

7. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எனிடெஸ்க் போடச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவில்லை. அடுத்த விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதல் வேலையாக அந்தப் பட்டியலை எழுதுங்கள். ஷட்டர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் நாம், இந்தப் பூட்டையும் இழுத்துப் பார்ப்போம்.