ஓலை, தாள், மின்தாள்

திண்டிவனம் பக்கத்து மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊர். அம்மடத்தில் ஓலைச்சுவடிகள் காக்கப்பட்டு வருகின்றன. சுவடியைப் படிக்க எழுத்துத் தெரிந்தால் போதும். படியெடுக்க ஓலையும் எழுத்தாணியும் போதும். மின்நூலுக்கு இந்தச் சுதந்திரம் தானாக வாய்ப்பதில்லை. மின்நூல் படிப்பான் வாங்க எண்ணும் மாணவர்களே, முதலில் இதை நினைவில் வையுங்கள்.

படிப்பானின் திரை கைப்பேசித் திரை போன்றதன்று. அதில் தலைமயிரின் பருமனே உள்ள நுண்குமிழிகள் இலட்சக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றிலும் நேர்மின்னூட்டம் பெற்ற வெண்துகள்களும், எதிர்மின்னூட்டம் பெற்ற கருந்துகள்களும் ஒரு நெய்மத்தில் மிதக்கின்றன. மேல்பக்க மின்வாய்க்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் வெண்துகள்கள் மேலே வரும். அழுத்தத்தை மாற்றினால் கருந்துகள்கள் வரும். வந்தவை அங்கேயே தங்கிவிடும். ஆகவே பக்கம் புரட்டும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை. வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும்; ஓலையைப் போலவே இதுவும் பிறவொளியை எதிரொளிப்பதுதானே!

இனி, பூட்டைப் பற்றி. 2009-இல் அமேசான் நிறுவனம், வெளியிட உரிமையில்லாத ஒருவர் விற்ற ஆர்வெல்லின் '1984' நூலை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடியே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்து, பின்னர் மன்னிப்பும் கேட்டது. ஆனால் வீட்டு அலமாரியிலுள்ள அச்சுநூலை எந்தக் கடைக்காரரும் இப்படி எடுத்துப்போக முடியாதே! எனவே 'ஈபப்' என்னும் திறந்த வடிவ நூல்களை, கணினியிலிருந்து கம்பி வழியே நேராக ஏற்றிக்கொள்ளும் கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

தமிழுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. நான் முதலில் வாங்கிய படிப்பானில் 'கொ' என்பது உடைந்து, கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமுமாக நின்றது. விலையைக் கேட்குமுன் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை.

நூல்களுக்குப் பஞ்சமில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தட்டச்சிட்ட பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சமண காவியமான சீவக சிந்தாமணியும் அவற்றுள் ஒன்று. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய பதிப்புகள் பல உள்ளன. ஆனால் அவை பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். ஆறங்குலத் திரையில் படத்திலுள்ள எழுத்து பொடியாகத் தெரியும். பெரிதாக்கினால் வரி திரையைத் தாண்டி ஓடும். அவற்றைக் கணினியில் படிப்பதே கண்ணுக்கு நல்லது.