பயிற்சியாளரை மாற்றினால் பந்து கேட்குமா?

2022 ஏப்ரல் 15, புனித வெள்ளி. இங்கிலாந்தின் வடமேற்கில், ஒரு காலத்தில் பஞ்சாலைகளால் பிழைத்த பர்ன்லி என்ற சிறு நகரம். அந்த ஊர்க் கால்பந்து கிளப், ஒன்பதரை ஆண்டுகளாகத் தன்னிடம் இருந்த மேனேஜர் ஷான் டைச்சை அன்று வீட்டுக்கு அனுப்பியது. சுண்டைக்காய் பட்ஜெட்டை வைத்துக்கொண்டு கிளப்பை இரண்டு முறை பிரீமியர் லீகுக்கு ஏற்றியவர் அவர். 2018-ல் ஏழாம் இடம் பிடித்து ஐரோப்பியப் போட்டிக்கே கூட்டிப் போனபோது, உள்ளூர் பப் ஒன்று 'தி ராயல் டைச்' என்று தன் பெயரையே மாற்றிக்கொண்டது. நான்கு வருடம் கழித்து, பப்புக்குப் பெயர் கொடுத்தவருக்கு கிளப்பில் இடமில்லை.

சீசனில் எட்டு ஆட்டங்கள் பாக்கி. இருபது அணிகளில் கடைசி மூன்றும் அடுத்த சீசனில் கீழ் லீகுக்கு இறங்கிவிடும். பர்ன்லி இருந்தது 18-ஆவது இடத்தில். ஐந்து நாட்களுக்கு முன்புதான், பட்டியலில் கடைசியாகக் கிடந்த நார்விச்சிடம் 2-0 என்று தோற்றிருந்தது. இளையோர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த மைக் ஜாக்சனிடம் தற்காலிகமாகச் சாவி கொடுக்கப்பட்டது. அவருடைய முதல் ஆட்டம் டிரா. அடுத்த மூன்றிலும் வெற்றி. நான்கு ஆட்டங்களில் 10 புள்ளிகள்! "ஆளை மாற்றியதும் அணிக்கு உயிர் வந்துவிட்டது பாருங்கள்" என்று எல்லோரும் பேசினார்கள். மிச்சமிருந்த நான்கு ஆட்டங்களில் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. கடைசி நாளில் சொந்த மைதானத்திலேயே நியூகாசிலிடம் தோற்று, பர்ன்லி இறங்கியது.

அந்த 10 புள்ளிகளைக் கொண்டுவந்தது ஆள் மாற்றம்தானா? அப்படியானால் அதே ஆள் இருக்க, அடுத்த நான்கில் என்ன ஆனது? கால்பந்து கிளப்புகள் பயிற்சியாளர்களை அவசரப்பட்டு நீக்குகின்றனவா என்ற பழைய சண்டை முழுவதும் இந்த எட்டு ஆட்டங்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

நம் வீடுகளில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: சளிக்கு மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் போய்விடும், சாப்பிடாவிட்டால் ஏழு நாளாகும். நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வேல் கிட்டத்தட்ட இதைத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார். 1986 முதல் 2004 வரை டச்சு முதல்நிலை லீகில் நடந்த மேனேஜர் மாற்றங்களை அவர் எடுத்துக்கொண்டார். நீக்கத்துக்கு முன் அணி சரிகிறது, நீக்கியபின் எழுகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் கூடுதலாகச் செய்த வேலை இதுதான்: அதே மாதிரிச் சரிந்தும் மேனேஜரை நீக்காத அணிகளையும் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவையும் எழுந்திருந்தன. மருந்து சாப்பிட்டவருக்கும் சாப்பிடாதவருக்கும் சளி ஒரே வேகத்தில்தான் போயிருந்தது. ஜெர்மனியின் முன்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல பத்தாண்டு பண்டஸ்லிகா ஆட்டங்களை வைத்துப் பார்த்தபோதும், சீசன் நடுவில் நடக்கும் நீக்கத்தால் சொல்லிக்கொள்ளும்படி பலன் எதுவும் தெரியவில்லை.

காரணத்தில் மாயமில்லை. கால்பந்தில் கோல்கள் குறைவு. ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்றுக்குப் பக்கத்தில்தான் விழும். கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து, நடுவர் கொடுக்காத பெனால்டி, கோல்கீப்பரின் ஒரு நொடித் தூக்கம் என்று எது வேண்டுமானாலும் முடிவைத் திருப்பிப் போடும். கிரிக்கெட்டில் 40 ஓவர் மோசமாக ஆடிய அணி ஜெயிப்பது அபூர்வம். கால்பந்தில் 90 நிமிடமும் அடிவாங்கிய அணி 1-0 என்று ஜெயித்துவிட்டுப் போகும். ஆகவே நன்றாக ஆடும் அணிக்கும் ஐந்து தோல்விகள் தொடர்ந்து வரலாம். ஆனால் மேனேஜர் நீக்கப்படுவது எப்போது? ஆறாவது ஆட்டத்துக்கு முந்தின நாள். அதாவது, எப்படியும் நிமிரப்போகிற நேரத்தில். புதிதாக வருகிறவர் பாக்கியசாலி.

இதைப் புரிந்துகொண்ட கிளப்புகளும் உண்டு. லண்டனின் பிரென்ட்ஃபோர்டின் உரிமையாளர் மேத்யூ பென்ஹம் இயற்பியல் படித்தவர். விளையாட்டுப் பந்தயக் கணக்குகளில் சம்பாதித்தவர். 2018 அக்டோபரில் தாமஸ் ஃபிராங்க் அங்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். முதல் பத்து ஆட்டங்களில் எட்டில் தோல்வி. வேறெங்கும் என்றால் அவர் கிறிஸ்துமஸைத் தாண்டியிருக்க மாட்டார். பிரென்ட்ஃபோர்டு அசையவில்லை. அவர்கள் பார்த்தது கோல் எண்ணிக்கையை அல்ல, 'எக்ஸ்பெக்டட் கோல்ஸ்' என்ற கணக்கை. எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில் உதைத்த பந்து எத்தனை தடவைக்கு எத்தனை தடவை கோலாகும் என்பதை ஆயிரக்கணக்கான பழைய ஷாட்டுகளை வைத்துக் கணித்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு மதிப்புப் போடுவார்கள். பெனால்டி என்றால் ஏறக்குறைய முக்கால் கோல். முப்பது மீட்டர் தூரத்திலிருந்து அடித்தால் மிகச் சொற்பம். ஸ்கோர்போர்டு பொய் சொல்கிற நாளிலும் அணி உண்மையில் எப்படி ஆடியது என்பதை இது ஓரளவு காட்டிக்கொடுக்கும். 2021-ல் ஃபிராங்க் பிரென்ட்ஃபோர்டைப் பிரீமியர் லீகுக்கு ஏற்றினார். அந்த லீக் 1992-ல் தொடங்கியதிலிருந்து கிளப் அதில் கால் வைத்தது அதுவே முதல் தடவை.

யூர்கன் கிளாப் கதை இன்னும் சுவையானது. 2014-15 சீசனின் பாதியில் அவருடைய டார்ட்மண்ட் அணி 18 அணிகளில் 17-ஆவதாகக் கிடந்தது. சீசன் முடிவில் ஏழாம் இடத்துக்கு ஏறிவிட்டாலும், கிளாப் சரக்கு தீர்ந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். அதே காலத்தில் லிவர்பூல் அலுவலகத்தில், கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய இயன் கிரஹம் என்பவர் டார்ட்மண்டின் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் அலசிக்கொண்டிருந்தார். அணி மோசமாக ஆடவில்லை, அதிர்ஷ்டம்தான் படுமோசம் என்பது அவர் கண்ட முடிவு. கிளாப் லிவர்பூலுக்கு வந்தபிறகு கிரஹம் அவர் அறைக்குப் போய், மைன்ஸ் அணியிடம் 2-0 என்று தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பேசினார். அங்கே நீங்கள்தான் ஜெயித்திருக்க வேண்டும் என்றதும் கிளாப் துள்ளிவிட்டார். அந்த ஆட்டத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார். கிரஹம் பார்க்கவே இல்லை. எல்லாம் எண்கள். 2019-ல் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் முப்பது ஆண்டுக்குப் பிறகு லீக் பட்டம் என்று லிவர்பூலுக்கு அதற்கான பலன் வந்தது.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் நீக்குகிறார்கள்? உரிமையாளர் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் விளங்கும். பிரீமியர் லீகில் கடைசி இடம் பிடிக்கும் கிளப்புக்கே ஒரு சீசனுக்கு லீகின் பங்காக 10 கோடி பவுண்டுக்கு மேல் வருகிறது. கீழே இறங்கினால் அந்த வருமானம் கரைந்துவிடும். பிப்ரவரி மாதம், அணி தோற்கிறது, வீரர்களை வாங்கி விற்கும் ஜன்னல் சாத்தியாகிவிட்டது. 25 வீரர்களை நீக்க முடியாது. ரசிகர்களை மாற்ற முடியாது. கையில் மாற்றுவதற்கென்று மிச்சமிருப்பது ஒரே ஓர் ஆள். சும்மா இருந்து இறங்கிப்போனால் 'வேடிக்கை பார்த்தான்' என்பார்கள். நீக்கிவிட்டு இறங்கிப்போனால் 'முயற்சியாவது செய்தான்' என்பார்கள். பழியிலிருந்து தப்பிக்க இதைவிட நல்ல வழி இல்லை. மேனேஜர் மீது முழு நம்பிக்கை இருக்கிறது என்று நிர்வாகம் அறிக்கை விட்டால் அவர் பெட்டியைக் கட்டலாம் என்பது இங்கிலாந்தின் பழைய நகைச்சுவை. நம் ஊர் அரசியல் செய்தி படிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் "நீக்குவது எப்போதும் வீண்" என்றும் சொல்லிவிட முடியாது. 2022-23 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். பிரீமியர் லீகிலிருந்து இறங்கிய லெஸ்டர், லீட்ஸ், சவுத்தாம்ப்டன் மூன்றுமே நடுவில் ஆளை மாற்றியவை. லீட்ஸும் சவுத்தாம்ப்டனும் இரண்டு முறை. அதே சீசனில் மாற்றித் தப்பியவை எவர்ட்டன், வுல்வ்ஸ், போர்ன்மத், கிரிஸ்டல் பேலஸ். எவர்ட்டனைக் காப்பாற்றியவர் யார் தெரியுமா? பர்ன்லி துரத்திவிட்ட அதே டைச். பொறுப்பேற்ற முதல் ஆட்டத்திலேயே முதலிடத்தில் இருந்த ஆர்சனலை வீழ்த்தினார். மாற்றாமல் தப்பியதும் உண்டு. நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட் கடைசி இடத்தில் இருந்தபோது ஸ்டீவ் கூப்பருக்குப் புது ஒப்பந்தமே போட்டுக் கொடுத்தது, தப்பியது. வெஸ்ட் ஹாம் டேவிட் மோய்ஸை வைத்துக்கொண்டு ஒரு ஐரோப்பியக் கோப்பையையே தூக்கியது.

அந்த சீசனில் நிஜமாகவே பலித்த நீக்கம் ஆஸ்டன் வில்லாவுடையது. அக்டோபரில் ஸ்டீவன் ஜெரார்டை அனுப்பிவிட்டு, யூரோப்பா லீகை நான்கு முறை ஜெயித்திருந்த உனாய் எமரியை ஸ்பெயினிலிருந்து கூட்டி வந்தார்கள். 17-ஆவது இடத்தில் தவித்த அணி ஏழாவதாக முடித்தது. அடுத்த சீசனில் நான்காவது. இதை நீக்கத்தின் வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். முன்னவரைவிடத் தெளிவாகவே திறமை கூடிய ஒருவரைத் தேடிப் பிடித்ததன் வெற்றி. செல்சி 2021 ஜனவரியில் மேனேஜர் லாம்பார்டை நீக்கி தாமஸ் டுஹெலை வைத்து அந்த மே மாதமே சாம்பியன்ஸ் லீக் வென்றதும் இதே ரகம். நம் சென்னையின் எஃப்சி-க்கும் ஒரு முறை இது வாய்த்தது. 2019-20-ல் அணி அடிமட்டத்தில் தத்தளித்தபோது, முன்பு பட்டம் வாங்கித் தந்த ஜான் கிரெகரி விலகினார்; டிசம்பரில் ஓவன் காய்ல் வந்தார்; மார்ச்சில் அணி இறுதிப் போட்டியில் நின்றது. கோவாவில் காலி அரங்கில் ஏடிகே-யிடம் தோற்றது வேறு விஷயம்.

சிக்கல் என்னவென்றால், சீசன் நடுவில் எமரிகள் எளிதில் கிடைப்பதில்லை. கிடைப்பவர்கள் பெரும்பாலும் வேறெங்கோ நீக்கப்பட்டுச் சும்மா இருப்பவர்கள். லாம்பார்டையே பாருங்கள். 2023 ஜனவரியில் எவர்ட்டன் அவரை நீக்கியது. ஏப்ரலில் செல்சி, தானே முன்பு நீக்கிய அவரைத் தற்காலிகமாகக் கூப்பிட்டுக்கொண்டது. 11 ஆட்டங்களில் ஒரு வெற்றி.

இதில் எனக்கு உறுத்துவது வேகம் அல்ல. பயிற்சியாளரையும் வீரர்களையும் தேர்ந்தெடுத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லையே, அதுதான். முன்பெல்லாம் மேனேஜர் என்றால் வீரர்களை வாங்குவதிலிருந்து எல்லாம் அவர் பொறுப்பு. இப்போது பெரும்பாலான கிளப்புகளில் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது விளையாட்டு இயக்குநர். பயிற்சியாளர் வந்த சரக்கை வைத்துச் சமைக்க வேண்டும். சமையல் சரியில்லை என்றால் போகிறவர் சமையற்காரர்; அடுத்த சமையற்காரரைத் தேடுகிறவர், சந்தையில் சொத்தைக் கத்தரிக்காய் வாங்கி வந்தவர். மான்செஸ்டர் யுனைடெட் 2024 ஜூலையில் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தது, அக்டோபரில் அவரை நீக்கியது. அவருக்கும் உதவியாளர்களுக்கும் கொடுத்த இழப்பீடு ஒரு கோடி பவுண்டுக்கு மேல். நான்கு மாதத்துக்குள் ஒரு மனிதரின் திறமை அவ்வளவு மாறியிருக்குமா? ஜூலை முடிவு தப்பு, அல்லது அக்டோபர் முடிவு தப்பு. இரண்டையும் எடுத்தது ஒரே நிர்வாகம்.

பொறுமைக்கு உதாரணமாக எல்லோரும் அலெக்ஸ் ஃபெர்குசனைக் காட்டுவார்கள். 1986-ல் யுனைடெட்டுக்கு வந்தவர். முதல் கோப்பை 1990-ல்தான். பிறகு 13 லீக் பட்டங்கள். 1990 ஜனவரியில் மார்க் ராபின்ஸ் அடித்த ஒரு கோல்தான் அவர் வேலையைக் காப்பாற்றியது என்பது கர்ண பரம்பரைக் கதை. அன்றைய தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் அதை மறுத்திருக்கிறார். உதாரணம் உண்மைதான். ஆனால் பொறுமையாக வைத்துக்கொள்ளப்பட்டு அணியோடு சேர்ந்து மூழ்கியவர்களின் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது? ஆயிரம் பேர் காத்திருந்து ஒருவர் ஃபெர்குசன் ஆனால், நாம் பேசுவது அந்த ஒருவரைப் பற்றித்தான்.

பொறுமையாக இருந்து மூழ்கியதற்கும் பர்ன்லியிடமே உதாரணம் இருக்கிறது. டைச்சுக்குப் பின் வந்த வின்சென்ட் கம்பனி அணியை உடனே மேலே ஏற்றினார். 2023-24-ல் மறுபடி சரிவு. இம்முறை கிளப் அவரை நீக்கவில்லை, கடைசிவரை வைத்திருந்தது. 38 ஆட்டங்களில் 24 புள்ளிகள், 19-ஆவது இடம், மறுபடி கீழே. நீக்கியும் இறங்கியாயிற்று, நீக்காமலும் இறங்கியாயிற்று. சம்பளத்துக்கு அதிகம் செலவழிக்க முடியாத கிளப்புக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை போலும்.

அந்த மே மாதமே ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கிலிருந்து அழைப்பு வந்தது. 19-ஆவது இடம் பிடித்தவரை ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப்புகளில் ஒன்று கேட்டது. அடுத்த ஆண்டே கம்பனி அவர்களுக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஒப்பந்தம் மீதமிருந்ததால், அவரை விடுவிக்க மியூனிக் பர்ன்லிக்கு இழப்பீடு கட்டியது. சுமார் ஒரு கோடி பவுண்டு என்று அப்போது செய்தி வந்தது. மற்ற கிளப்புகள் பணம் கொடுத்துப் பயிற்சியாளரை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், அணியை இறக்கிவிட்ட ஒருவருக்காக பர்ன்லி பணம் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டது.