5 பவுண்டு காய்... 7,35,000 பவுண்டு ஏலம்! பழம்பொருள் சந்தையில் விலையை முடிவு செய்வது எது?

1964-ம் ஆண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பழம்பொருள் வியாபாரி ஒருவர், இன்னொரு வியாபாரியிடமிருந்து ஒரு சின்ன பொம்மையை 5 பவுண்டுக்கு வாங்கினார். 8.8 சென்டிமீட்டர் உயரம். கையில் வாளும் கேடயமும் ஏந்தி, தாடியோடு முறைத்துப் பார்க்கும் ஒரு போர்வீரன். 'வால்ரஸ் தந்தத்தில் செய்த பழைய செஸ் காய்' என்று கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்தார். அவ்வளவுதான்.

அவர் காலத்துக்குப் பிறகு அது மகளிடம் வந்தது. மேஜை டிராயரில் கிடந்தது. அவ்வப்போது எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் உள்ளே வைத்துவிடுவார். 55 ஆண்டுகள் இப்படியே போயின. 2019 ஜூலையில் லண்டனின் சோத்பீஸ் நிறுவனத்தில் அது ஏலத்துக்கு வந்தபோது கிடைத்த விலை, 7,35,000 பவுண்டு. அன்றைய மதிப்பில் ஆறு கோடி ரூபாய்க்கும் மேல்!

ஒரு செஸ் காய்க்கு ஏன் இத்தனை பணம்? அதேபோல ஏலத்தில் விலைபோன இன்னொரு சிலையை, அரை நூற்றாண்டு கழித்து ஏன் திருப்பித் தர வேண்டிவந்தது? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: அந்தப் பொருள் கடந்துவந்த பாதை.

காணாமல்போன ஐந்து காய்கள்

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831-ல் ஒரு புதையல் வெளியே வந்தது. மொத்தம் 93 பொருள்கள். அவற்றில் 78 செஸ் காய்கள். ராஜா, ராணி, பிஷப், குதிரை வீரன், காவல் வீரன், சிப்பாய் என எல்லாமே 12 அல்லது 13-ம் நூற்றாண்டில் செதுக்கப்பட்டவை. நார்வேயின் டிரொண்ட்ஹைம் நகரில் செய்யப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இன்று 82 பொருள்கள் பிரிட்டிஷ் மியூசியத்திலும், 11 பொருள்கள் ஸ்காட்லாந்து தேசிய மியூசியத்திலும் இருக்கின்றன.

காய்களை எண்ணிப் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சிப்பாய்களைத் தவிர்த்துப் பார்த்தால், நான்கு முழு செட் ஆக ஒரு குதிரை வீரனும் நான்கு காவல் வீரர்களும் குறைகிறார்கள். காவல் வீரன் என்பது நம் ஊர் செஸ் போர்டில் மூலையில் நிற்கும் யானைக்குச் சமமான காய். எடின்பரோ டிராயரில் தூங்கியது, காணாமல்போன அந்த நால்வரில் ஒருவர்!

இங்கே அந்தக் கணக்குப் புத்தகத்தை மறந்துவிடக் கூடாது. 'தாத்தா இதை 1964-ல் விலை கொடுத்து வாங்கினார்' என்று குடும்பத்தினர் வாயால் சொன்னால் போதாது. அவர் கைப்படக் குறித்துவைத்த அந்த ஒரு வரி, பொருள் எப்போது, எப்படிக் குடும்பத்துக்கு வந்தது என்பதற்குச் சாட்சியாக நின்றது. பழம்பொருள் உலகில் இந்த உரிமை வரலாற்றை 'புரொவனன்ஸ்' என்கிறார்கள். நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏலத்தில் என்ன நடக்கிறது?

பொருளை விற்க நினைப்பவர் முதலில் ஏல நிறுவனத்திடம் கொண்டுபோகிறார். நிபுணர்கள் பார்த்து, 'இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை போகலாம்' என்று ஒரு மதிப்பீடு சொல்கிறார்கள். படம், விவரம், உரிமை வரலாறு எல்லாம் கேட்டலாக்கில் அச்சாகின்றன. இதற்குக் குறைந்தால் விற்க மாட்டோம் என்று ஓர் அடிப்படை விலையும் இருக்கும். பெரும்பாலும் அது ரகசியம். ஏல நாளில் அரங்கிலும் போனிலும் ஆன்லைனிலும் போட்டி நடக்கும். சுத்தியல் விழும் நேரத்தில் யார் கை உயர்ந்திருக்கிறதோ, பொருள் அவருக்கு.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். சுத்தியல் விழுந்த விலையோடு கணக்கு முடிவதில்லை. வாங்குபவர் அதற்கு மேல் ஏல நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும்.

2019 அக்டோபரில் பிரான்ஸில் நடந்த ஓர் ஏலம் இதற்கு நல்ல உதாரணம். கொம்பியேன் நகரில் வயதான பெண்மணி ஒருவரின் சமையலறையில், அடுப்புக்கு மேலே ஒரு சிறிய ஓவியம் மாட்டியிருந்தது. பழைய சாமி படம் என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். பார்த்தால், அது 13-ம் நூற்றாண்டின் இத்தாலிய மேதை சிமாபுவே வரைந்தது! 40 முதல் 60 லட்சம் யூரோ வரை போகலாம் என்று கணித்தார்கள். சுத்தியல் விழுந்தது ஒரு கோடியே 95 லட்சம் யூரோவில். கட்டணங்களும் சேர்ந்தபோது வாங்கியவர் தர வேண்டியிருந்த தொகை 2 கோடியே 40 லட்சம் யூரோவைத் தாண்டியது.

அத்தனை பணம் கொடுத்தும், ஓவியம் உடனே நாட்டைவிட்டு வெளியே போகவில்லை. 'இது தேசியப் பொக்கிஷம்' என்று பிரான்ஸ் அரசு ஏற்றுமதியைத் தடுத்தது. 2023-ல் அது பாரிஸின் லூவ்ர் மியூசியத்தின் சொத்தானது.

கும்பகோணத்திலிருந்து லண்டன் ஏலத்துக்கு

இனி, நம் ஊர் விஷயம். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது ஆஷ்மோலியன் மியூசியம். 1967-ல் அது லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் ஒரு வெண்கலச் சிலையை வாங்கியது. 16-ம் நூற்றாண்டைச் சேர்ந்த திருமங்கையாழ்வார். ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம். தனியார் சேகரிப்பாளர் ஒருவரின் தொகுப்பிலிருந்து வந்ததாகப் பதிவு. எல்லாம் முறைப்படி நடந்ததாகவே மியூசியம் நம்பியது.

2019-ல் ஆய்வாளர் ஒருவர் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் போட்டோ தொகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1957-ல் கும்பகோணம் அருகே சுந்தரபெருமாள்கோவில் கிராமத்தின் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் எடுத்த ஒரு படம். அதில் நின்றவர், ஆக்ஸ்போர்டில் இருந்த அதே ஆழ்வார்! 1957-ல் கோயிலில் இருந்தவர், பத்தே ஆண்டுகளில் லண்டன் ஏல அரங்குக்கு எப்படிப் போனார்? தமிழகச் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு விசாரித்தபோது, கோயிலில் இருப்பது பிற்காலத்தில் செய்த மாற்றுச் சிலை என்று தெரியவந்தது. உண்மையான ஆழ்வார் போனதே தெரியாமல், பல ஆண்டுகள் மாற்றுச் சிலைக்கு முன்னால் கைகூப்பி நின்றிருக்கிறார்கள் ஊர் மக்கள்.

தகவல் கிடைத்ததும் இந்தியத் தூதரகத்துக்குச் சொன்னது மியூசியம்தான். சிலையைத் திருப்பித் தர 2024 மார்ச்சில் பல்கலைக்கழக நிர்வாகக் குழு ஒப்புதல் அளித்தது. பெரிய நிறுவனம், அச்சிட்ட கேட்டலாக், ஊரறிய ஏலம் என எல்லாம் இருந்தும், நடுவில் அந்தப் பத்து ஆண்டுகளுக்குக் கணக்கு இல்லை.

சில நேரம் காகிதமும் பொய் சொல்லும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை 2008-ல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 51 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்றது நியூயார்க்கில் சுபாஷ் கபூர் நடத்திய கேலரி. பல ஆண்டுகளுக்கு முன்பே சிலை இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டதாக ஆவணம் காட்டினார்கள். அத்தனையும் போலி. அங்கேயும் காட்டிக்கொடுத்தவை புதுச்சேரி நிறுவனத்தின் பழைய போட்டோக்கள்தான். 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியா திரும்பினார். 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம், உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

ஆசை தவறில்லை, அவசரம் தவறு

பழைய நாணயமோ விளக்கோ சேகரிப்பது அழகான பழக்கம். வரலாற்றைக் கையில் தொட்டுப் பார்க்கும் சுகம் அதில் இருக்கிறது. ஆனால், நம் நாட்டுச் சட்டம் சொல்வதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

* 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருள்கள், நாணயங்கள் 'தொல்பொருள்' ஆகின்றன. இலக்கிய, வரலாற்று மதிப்புள்ள சுவடிகளுக்கு 75 ஆண்டுகளே போதும்.

* கல், உலோகம், தந்தம், சுடுமண் சிற்பங்கள், ஓவியங்கள் போன்றவற்றை வீட்டில் வைத்திருக்கலாம். ஆனால், பதிவு செய்ய வேண்டும். வியாபாரம் செய்ய உரிமம் தேவை.

* தொல்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஃபாரினில் இருக்கும் மகனுக்குப் பரிசாகக்கூட!

* வீடு கட்டவோ கிணறு வெட்டவோ தோண்டும்போது பழம்பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே இது கட்டாயம்.

சொல்லாமல் மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2015-ல் ஹியர்ஃபோர்டுஷையரில் மெட்டல் டிடெக்டரோடு வயலில் தேடிய இருவருக்கு, வைக்கிங் காலத்துத் தங்க நகைகளும் வெள்ளி நாணயங்களும் கிடைத்தன. முறைப்படி சொல்லியிருந்தால், நிலத்தின் உரிமையாளரோடு பங்கிட்டுக்கொள்ள ஒரு பெரும் தொகையே சன்மானமாகக் கிடைத்திருக்கும். அவர்களோ ரகசியமாக விற்கப் பார்த்தார்கள். 2019-ல் இருவரும் சிறைக்குப் போனார்கள். சுமார் 300 நாணயங்கள் இருந்திருக்கும் என்று நம்பப்படும் அந்தப் புதையலில், அப்போது மீட்க முடிந்தது 31 மட்டுமே. மற்றவை எங்கே போயின என்று தெரியாததால், அவை சொல்லியிருக்கக்கூடிய வரலாறும் போய்விட்டது.

எனவே, பழம்பொருளை யார் விற்க வந்தாலும் விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எங்கிருந்து வந்தது? இதற்கு முன் யாரிடம் இருந்தது? அதற்கு என்ன ஆதாரம்? பதிலில் மழுப்பல் இருந்தால், எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் விலகிவிடுங்கள்.

வீட்டில் தாத்தா காலத்துப் பொருள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யலாம். நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். யார் வாங்கியது, எப்போது, எங்கே என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். ஊர்க்கோயிலின் பழைய திருவிழா போட்டோக்கள் அலமாரியில் இருந்தால், அவற்றையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆழ்வாரை அடையாளம் காட்டியது அப்படிப்பட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான்.